ஃபேனை நிறுத்திக் கேட்கிறவங்க

அந்த டீச்சரம்மா ஒருத்தர் சொல்றதைக் கேட்கப்போறாங்கன்னா, முதல் காரியமா எழுந்து போய் ஃபேனை நிறுத்துவாங்க. திண்டிவனத்து வெயில் தெரிஞ்சவங்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம்னு புரியும். அவங்க குடியிருந்தது தையல்கடைக்கு மேலே மாடியில். மத்தியானத்தில் சுவரைத் தொட்டால் தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி இருக்கும். அந்த ரூமுக்கு இருந்தது ஒரே ஃபேன், அதுவும் கடகடன்னு சத்தம் போடும். "சத்தத்துல பாதி வார்த்தை போயிடுதுக்கா"ன்னு அதை நிறுத்திட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழட்டி மேஜை மேல் கவுத்து வெச்சிட்டு, தாடையில் கையை ஊனிக்கினு உட்காருவாங்க. பக்கத்தில் இருக்கிற டீ ஆறி ஆடை படியும். எடுத்துக் குடிக்க மாட்டாங்க.

"சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

எங்க வீட்டில் என் பேச்சைக் கேட்கிற வழக்கம் கிடையாது. நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சவ. வாயைத் திறந்தால் என் தம்பி, "நீ சும்மா இரு அக்கா, உனக்குத் தெரியாது"ன்னுடுவான். கோபமா இல்லை, பாசமாத்தான். எனக்கும் நாலு பேர் முன்னால் பேச நாக்கு எழும்பாது. அதனால் ஒருத்தங்க எனக்காக எழுந்து போய் ஃபேனை நிறுத்தினது எனக்கு ரொம்பப் பெரிசாப் பட்டது. ரவிக்கை வேர்த்து முதுகோட ஒட்டிக்கிச்சு. ஆனா உள்ளே என்னமோ குளுகுளுன்னு இருந்தது.

அவங்க பேரை எழுத வேண்டாம்னு இருக்கேன். இங்கிலீஷ் டீச்சரா இருந்து ஓய்வானவங்க. டாக்டர் படிப்புக்கு இன்டர்வியூ போகிற பிள்ளைங்களைத் தயார் பண்றதுதான் அப்புறம் அவங்க வேலை. நம்ம ஊர் காலேஜுக்கு மார்க் இருந்தால் போதும், பேச வேண்டியதில்லை. மார்க் பத்தாத பிள்ளைங்க வெளிநாட்டுக்குப் போகுதுங்க இல்லையா, அங்கே சில காலேஜில் கம்ப்யூட்டர் வழியா முகத்தைப் பார்த்துப் பேசித்தான் சேர்ப்பாங்களாம். நல்லாப் பேசறவங்களுக்குப் பாதி ஃபீஸ். என் தம்பி லாரி ஓட்டறவன். பாதின்னாதான் அவனால் முடியும், முழுசுன்னா அவன் பெண் பவித்ராவுக்கு டாக்டர் படிப்பு இல்லை. அவ்வளவுதான் கணக்கு. அதனால அந்த டீச்சரம்மாகிட்ட சேர்த்துவிட்டான். கெடார் பக்கத்தில் இருக்கிற எங்க ஊரிலிருந்து விழுப்புரத்துக்கு ஒரு பஸ், அங்கேயிருந்து திண்டிவனத்துக்கு ஒரு பஸ். வயசுப்பொண்ணு தனியாப் போக வேண்டாம்னு என்னையும் கூட அனுப்பினான். பவிக்கு நான் அத்தை. தாயில்லாத பெண். மழலை மாறறதுக்கு முன்னாலிருந்து என் இடுப்பில் வளர்ந்தவ.

முதல் ரெண்டு தடவை நான் உள்ளே போகலை. மாடிப்படியில், பிள்ளைங்க கழட்டிப் போட்ட செருப்புங்க பக்கத்தில் உட்கார்ந்துக்கினு இருந்தேன். மூணாவது தடவை அந்த அம்மாவே வெளியே வந்தாங்க.

"யாருக்கா நீங்க, செருப்புக்குக் காவலா?"

"பவியோட அத்தைங்க. சும்மா உக்காந்துக்கினு இருக்கேங்க."

"சும்மா உக்காரறவங்க உள்ள வந்து உக்காருங்க. எங்கிட்ட ஒரு கட்டு கீரை கெடக்குது, ஆயறதுக்கு ஆள் இல்ல."

அன்னையிலிருந்து சமையல்கட்டு வாசற்படி என் இடம். கீரை ஆய்வேன், வெங்காயம் உரிப்பேன், காது மட்டும் வகுப்பில் இருக்கும். இங்கிலீஷ் எனக்குப் புரியாது. ஆனா அந்த அம்மா வெச்சிருந்த முறை வேற. எந்தப் பதிலா இருந்தாலும் முதலில் தமிழில் சொல்லணும். "தமிழ்ல சொல்றப்ப எனக்கே கண்ணுல தண்ணி வரல்லன்னா, இங்கிலீஷ்ல சொல்லி என்னா பிரயோஜனம்?" அப்படின்னு கேட்பாங்க. அந்த முறையினால்தான் நானும் அந்த வகுப்பில் ஒரு பிள்ளை மாதிரி ஆனேன்.

நீ ஏன் டாக்டர் ஆகணும்? அதுதான் இன்டர்வியூவில் முக்கியமான கேள்வியாம். ஒரு பெண் எழுந்து, "மக்களுக்குச் சேவை செய்யணும் மிஸ்"ன்னா.

"உக்காரு. அடுத்து?"

"ஏழைங்களுக்கு சேவை…"

"நீயும் உக்காரு. அங்க இருக்கறவங்க காலையிலேர்ந்து இதையே கேட்டு கொட்டாவி வுட்டுக்கினு இருப்பாங்க. சேவையெல்லாம் வேணாம்டா கண்ணுங்களா. உங்க வீட்ல ஒருத்தர கொசு கடிச்சிதா, அதச் சொல்லு. யாரக் கடிச்சிது, எங்க கடிச்சிது, அப்ப அவங்க கையில என்ன இருந்துச்சு?"

கையில என்ன இருந்துச்சுன்னு கேட்காமல் ஒரு கதையையும் அவங்க விட்டதில்லை. மனுஷங்க கஷ்டம் எல்லாம் ஒரே மாதிரி இருக்குமாம், கையில் இருந்த சாமான்தான் வேற வேறயாம். பெரியப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தப்போ சைக்கிள் சாவி. சித்திக்குப் பிரசவ வலி எடுத்தப்போ வாங்கின மீதிச் சில்லறை. இப்படி ஒவ்வொரு பிள்ளைகிட்டயும் தோண்டித் தோண்டி எடுப்பாங்க. எடுத்ததும் அவங்க முகம் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, செடியைப் பிடுங்கி, அடியில் கொத்துக் கொத்தாக் காய் இருக்கிறதைப் பார்க்கிறவங்க முகம் மாதிரி ஆகிவிடும்.

எல்லாரும் அவங்ககிட்ட சொன்னாங்க. பஸ் ஸ்டாண்டிலிருந்து அவங்களைக் கொண்டு வந்து விட்ட ஆட்டோக்காரர் வாசலில் நின்னு தன் பெண் கல்யாணம் நின்னுபோனதைச் சொல்லிக்கினு, வந்த அடுத்த சவாரியை, "வேற வண்டி பாருங்க"ன்னு அனுப்பிட்டார். கீழே தையல்காரர் துணி அளக்கிற சாக்கில் மேலே வந்து தன் மூலவியாதியைச் சொல்லுவார். கீரைக்காரம்மா கூடையை இறக்கினால் சீக்கிரம் தூக்காது. ஒருநாள் கீரைக்காரம்மா தன் மகனுக்கு தீபாவளி மத்தாப்பில் கண்ணு போன கதையைச் சொல்லிச்சு. டீச்சரம்மா ஃபேனை நிறுத்திட்டுக் கேட்டாங்க.

"அப்ப அவன் கையில என்னம்மா இருந்துச்சு?"

"ஒரு கையில மத்தாப்பும்மா. இன்னொரு கையில சட்டைய புடிச்சிக்கினு இருந்தான், புதுச்சட்டைல பொறி பட்டுடப்போவுதுன்னு. சட்டைக்கு ஒண்ணுமே ஆவல."

டீச்சரம்மா அழுதுட்டாங்க. நடிப்பு இல்லை. மூக்கு நுனி சிவந்துபோச்சு. கீரைக்காரம்மாவே, "வுடும்மா, என்னைக்கோ நடந்தது"ன்னு அவங்களைத் தேத்த வேண்டியதாப் போச்சு.

கொஞ்ச நாள் கழிச்சு, நான் பூண்டு உரிச்சிக்கினு இருக்கேன், வகுப்பில் ஒரு பெண் தமிழில் சொல்லுது. "எங்க பெரியப்பா பையனுக்கு மத்தாப்புல கண்ணு போயிடுச்சு. அவன் இன்னொரு கையால புதுச்சட்டையப் புடிச்சிக்கினு இருந்தான்…" நான் தலையைத் தூக்கினேன். டீச்சரம்மா என்னைப் பார்த்தாங்க. லேசாச் சிரிச்சு, உதட்டு மேல் விரலை வெச்சாங்க. அவ்வளவு படிச்சவங்க ஒரு ரகசியத்தில் எனக்கும் பங்கு கொடுக்கிறாங்களேன்னு எனக்கு அன்னைக்குப் பெருமையா இருந்தது.

பாசமில்லாதவங்கன்னு யாரும் அவங்களைச் சொல்ல முடியாது. ஒரு பெண் இன்டர்வியூ பயத்தில் உடுப்பு மேலேயே வாந்தி எடுத்தப்போ, முகம் சுளிக்காமல் கழுவி, தன் புடவையைக் கட்டிவிட்டு, தலை வாரி உட்கார வெச்சாங்க. எங்க பவிக்கு மோர் பிடிக்கும்னு தெரிஞ்சு, மத்தவங்களுக்கு டீ, அவளுக்கு மட்டும் மோர். அதெல்லாம் பொய்யின்னு இப்பவும் என்னால் நினைக்க முடியலை. நினைக்க முடிஞ்சால் சுலபமா இருக்கும்.

அந்த வகுப்பில் செஞ்சி ரோட்டிலிருந்து வர்ற ஒரு பையன் இருந்தான். அப்பாவுக்கு டைல்ஸ் கடை. குண்டா, வெகுளியா இருப்பான். என்னை ஆயான்னு கூப்பிடுவான். அவனோடுதான் டீச்சரம்மாவுக்குப் பெரிய பாடு.

"உங்க வீட்ல யாருக்காவது ஒடம்பு முடியாம இருந்துதாடா?"

"இல்ல மிஸ்."

"ஒரு காய்ச்சல்?"

"எங்க அம்மா வெந்நீர்தான் மிஸ் குடுப்பாங்க."

"தாத்தா பாட்டி?"

"தாத்தா இப்பவும் செஞ்சிக்கு சைக்கிள்லதான் மிஸ் போறாரு. டாக்டரே அவர்கிட்ட, என்ன சாப்புடுறீங்கன்னு கேட்டாரு."

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் முந்தானையை வாயில் வெச்சிக்கினு சிரிச்சேன். டீச்சரம்மா மட்டும் சிரிக்கலை. தலையில் கையை வெச்சிக்கினு, "என்ன குடும்பம்டா உங்க குடும்பம்! ஒண்ணுமே இல்லையே உங்கிட்ட"ன்னாங்க. கைவிட்ட மாதிரி இல்லை, சோறு இல்லாத வீட்டுப் பிள்ளையைப் பார்த்துச் சொல்ற மாதிரி இருந்தது.

எங்க பவிகிட்டயும் ஒண்ணும் இல்லை. அது வேற மாதிரி. அம்மா பாம்பு கடிச்சு செத்துட்டாங்கன்னு ஒரு வரி சொல்லிட்டு நின்னுடுவா. அதுக்கு மேலே அவளுக்குத் தெரியாது. எங்க வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கிறதில்லை. எடுத்தால் என் தம்பி எழுந்து லாரிக்குப் போய்ப் படுத்துக்குவான்.

ஒருநாள் மத்தியானம் பிள்ளைங்க எல்லாம் சாப்பிட வெளியே போயிருந்தப்போ, டீச்சரம்மா வந்து ஃபேனை நிறுத்தினாங்க. ரூமில் வேற யாரும் இல்லை. எனக்குத்தான்னு புரிய கொஞ்ச நேரமாச்சு.

"அக்கா, பவிக்கு அவங்கம்மாவப் பத்தி ஒண்ணுமே ஞாபகமில்ல. நீங்க சொன்னாதான் அவ சொல்ல முடியும். அவளுக்காகச் சொல்லுங்க."

சொன்னேன். தம்பி பொண்டாட்டியும் நானும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் மல்லாட்டை பிடுங்கிக்கினு இருந்தது. "கால்ல ஏதோ முள்ளு, அண்ணி"ன்னு அவ சொன்னது. முள்ளுதானேன்னு வரிசையை முடிச்சது. செடியோடு வராமல் மண்ணில் நின்னுபோன காயைக் கையால் பறிச்சு எடுத்துக்கினு இருந்தவ, "கண்ணு இழுக்குது அண்ணி, தூக்கமா வருது"ன்னு வரப்பில் சாய்ஞ்சது. பக்கத்து நிலத்துக்காரர் பைக்கில் அவளை நடுவில் உட்கார வெச்சு, பின்னால் நான் பிடிச்சிக்கினு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது. டாக்டருங்க ஓடி ஓடித்தான் பார்த்தாங்க. நேரம் கடந்துபோச்சு.

"அப்ப அவங்க கையில என்னக்கா இருந்துச்சு?"

அதை யாரும் என்னைக் கேட்டதில்லை. அவ புருஷன் கேட்டதில்லை, அவளைப் பெத்தவங்க கேட்டதில்லை. எனக்கு மட்டும் தெரிஞ்சது அது. சொல்லிட்டேன். எல்லாம் முடிஞ்சப்புறமும் அவ வலது கை மூடியே இருந்தது. நர்சம்மா பிரிக்கப் பார்த்து முடியாமல், நான்தான் ஒவ்வொரு விரலா விலக்கினேன். உள்ளே ஈர மண்ணோடு பச்சை மல்லாட்டை, ஒரு பிடி. எங்கே வைக்கிறதுன்னு தெரியாமல் முந்தானையில் முடிஞ்சுக்கினேன். வீட்டுக்கு வந்து எல்லாரும் அழுதுக்கினு இருக்கிறப்போ, பவி பசியில் என் மடியில் ஏறி, முடிச்சை அவுத்து, அந்த மல்லாட்டையை எடுத்து உடைச்சு தின்னா. நான் தடுக்கலை. அவ அம்மா அவளுக்குக் கொண்டு வந்தது தானேன்னு விட்டுட்டேன்.

டீச்சரம்மா என் ரெண்டு கையையும் பிடிச்சிக்கினு அழுதாங்க. நானும் அழுதேன். அத்தனை வருஷத்துக்கு அப்புறம் அன்னைக்குத்தான் சத்தமா அழுதேன். "பவிகிட்ட நானே பக்குவமாச் சொல்லிக்கறேன்க்கா. நீங்க சொன்னா ரெண்டு பேரும் ஒடஞ்சிப் போயிடுவீங்க"ன்னாங்க. எனக்கு அது பெரிய உபகாரமாத் தெரிஞ்சது. எப்படிச் சொல்றதுன்னு எனக்கும் தெரியாது.

அவங்க சொன்னாங்க. பவி வகுப்பில் அதைத் தமிழில் சொல்லலை, தனியா உள்ரூமில்தான் சொல்லிப் பழகினா. பஸ்ஸில் வர்றப்போ என் தோளில் சாய்ஞ்சுக்கினா, ஒண்ணும் கேட்கலை. எங்க ரெண்டு பேருக்கும் நடுவில் அதைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. டீச்சரம்மா பார்த்துக்குவாங்கன்னு இருந்துட்டேன்.

இன்டர்வியூவுக்கு முந்தின வாரம் எங்க நிலத்தில் அறுவடை. நாங்க வகுப்புக்குப் போகலை.

இன்டர்வியூ அந்த டீச்சரம்மா வீட்டிலேயேதான். அங்கேதான் நெட் நிக்காமல் வருமாம். உள்ரூமில் கம்ப்யூட்டர் எதிரில் பிள்ளையை உட்கார வெச்சு, கதவைச் சாத்திட்டு, டீச்சரம்மா வெளியே நடந்துக்கினு இருப்பாங்க. காலையில் செஞ்சி ரோட்டுப் பையன் போனான். திரும்பி வர்றப்போ முகமெல்லாம் சிரிப்பு. "சூப்பரா போச்சு ஆயா! அதுல ஒரு மேடம் கண்ண தொடச்சிக்கினாங்க!" நான்தான் அவனுக்கு மோர் ஊத்திக் கொடுத்தேன். ரெண்டு டம்ளர் குடிச்சான். டீச்சரம்மா அவன் முதுகைத் தட்டினாங்க. அப்போ அவங்க என் பக்கம் திரும்பலை. அதை நான் பின்னாலதான் நினைச்சுப் பார்த்தேன்.

மத்தியானம் பவி போனா. போகிறப்போ என் கையைப் பிடிச்சு அழுத்திட்டுப் போனா. கொஞ்ச நேரத்திலேயே வந்துட்டா. பையன் உள்ளே இருந்ததில் பாதி நேரம் கூட இல்லை. நேரே குழாயடிக்குப் போய் முகம் கழுவினா. டீச்சரம்மா, "என்னம்மா ஆச்சு"ன்னாங்க. "நல்லா போச்சு மிஸ்"ன்னு செருப்பைப் போட்டுக்கினு படி இறங்கிட்டா.

மேம்பாலத்துக்குக் கீழே பஸ் ஏறினோம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்துக்கினு வெளியேயே பார்த்துக்கினு வந்தா. விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி வரிசையில் நின்னப்போதான் வாயைத் திறந்தா.

"அத்தே, ஒண்ணு கேட்டா திட்டக்கூடாது."

"கேளு."

"அந்த மல்லாட்டை விஷயம் நெஜமா நடந்ததா? இல்ல டீச்சர் கட்டுனதா?"

"ஏன்டீ இப்பிடி கேக்குற?"

அப்புறம்தான் சொன்னா. அம்மா கையில் மல்லாட்டை இருந்ததுன்னு இவ இங்கிலீஷில் ஆரம்பிச்சதுமே, எதிரில் இருந்த மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கினாங்களாம். அதில் ஒரு மேடம் நம்ம நாட்டுக்காரங்களாம். மெதுவா, மரியாதையாத்தான் சொன்னாங்களாம். "காலையில ஒரு பையன் இதையே சொன்னான்மா. அவங்க அத்தை கையில மல்லாட்டை இருந்துச்சாம். அவன் தம்பி அத எடுத்து தின்னுட்டானாம். உங்கிட்ட உன்னோட கதை எதாவது இருக்கா?"

"நீ என்ன சொன்ன?"

"இல்லன்னு சொல்லிட்டேன் அத்தே."

வண்டி நகர்ந்துச்சு. நான், "நடந்ததுடீ, நெஜமா நடந்ததுடீ"ன்னேன். அவ தலையை ஆட்டினா. நம்பினாளா, எனக்காக ஆட்டினாளான்னு தெரியலை. பெத்தவ செத்ததையே பொய்யோன்னு சந்தேகப்படற இடத்தில் ஒரு பெண்ணைக் கொண்டு வந்து நிறுத்திட்டாங்களேன்னு, விழுப்புரம் வந்து சேர்ற வரைக்கும் அதுதான் என் நெஞ்சில் ஓடிச்சு. காலேஜ் சீட்டு ஞாபகம்கூட அப்புறம்தான் வந்தது.

சீட்டும் கிடைக்கலை. பையனுக்குப் பாதி ஃபீஸில் இடம் வந்துச்சு. பவிக்கு, வருத்தப்படறோம்னு வந்துச்சு. தம்பி லாரிக்குப் போய்ப் படுத்துக்கினான்.

நான் அதுவரைக்கும் தனியாத் திண்டிவனம் போனதில்லை. போனேன். என்ன சொல்லணும்னு பஸ்ஸில் வழியெல்லாம் மனசுக்குள்ளே சொல்லிப் பார்த்துக்கினே போனேன், இன்டர்வியூவுக்குப் போகிற பிள்ளை மாதிரி. மாடி ஏறினதும் பாதி மறந்துபோச்சு. டீச்சரம்மா தனியாத்தான் இருந்தாங்க. ஃபேன் ஓடிக்கினு இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து தோளைப் பிடிச்சு உட்கார வெச்சாங்க.

"அத எதுக்கு அந்தப் பையனுக்கு குடுத்தீங்க?"ன்னு கேட்டேன். அவ்வளவுதான் வாயிலிருந்து வந்துச்சு.

இல்லைன்னு அவங்க சொல்லலை. அது வரைக்கும் நல்லது. "அவங்கிட்ட ஒண்ணுமே இல்லக்கா, பாவம். உங்களுக்கு இருந்துச்சு. வேற வேற நாள்ல கூப்புடுவாங்கன்னு நெனச்சேன். ஒரே நாள்ல போட்டுட்டாங்க. அம்மாவ அத்தைன்னு மாத்தி, பவிய தம்பின்னு மாத்தித்தான் குடுத்தேன். தப்பு என்னுதுதான். நீங்க என்னத் திட்டுங்க."

உங்களுக்கு இருந்துச்சுன்னாங்க. ஏதோ எங்க வீட்டில் நெல் மூட்டை அடுக்கி வெச்சிருந்த மாதிரி, இல்லாத வீட்டுக்கு ஒரு படி அளந்து கொடுத்த மாதிரி.

"அந்தப் பொண்ணு பஸ்ஸுல என்ன கேட்டா தெரியுங்களா? அது நெஜமா நடந்ததான்னு கேட்டா. டீச்சர் கட்டுனதான்னு கேட்டா…"

டீச்சரம்மா முகம் மாறிச்சு. கண்ணில் தண்ணி நின்னது. நிஜமாவே நின்னது, நான் பார்த்தேன். "ஐயோ, அப்பிடியா கேட்டா?"ன்னாங்க. மூக்குக்கண்ணாடியைக் கழட்டி மேஜை மேல் கவுத்து வெச்சாங்க. எழுந்தாங்க. போய் ஃபேனை நிறுத்தினாங்க.

திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்து, தாடையில் கையை ஊனிக்கினாங்க.

"சொல்லுங்கக்கா. அவ அதக் கேக்கறப்போ, அவ கையில என்ன இருந்துச்சு?"

கீழே தையல் மெஷின் ஓடறது கேட்டுச்சு. பவி கையில் ஒண்ணு இருந்தது. டோல்கேட்டில் வண்டி நின்னதிலிருந்து அவ அதைக் கையில் வெச்சுத் திருகிக்கினே இருந்தா. எனக்கு நல்லாத் தெரியும். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அந்த அம்மா முகத்தைப் பார்த்தால் யாருக்கும் சொல்லத்தான் தோணும், அப்படி ஒரு முகம்.

அந்த வீட்டில் நான் கேட்காமல் ஒரு சாமானைத் தொட்டதில்லை. எழுந்து போய் ஃபேனைப் போட்டேன். கடகடன்னு சுத்த ஆரம்பிச்சது. மேஜை மேல் இருந்த பேப்பருங்க எல்லாம் பறந்துச்சு. அவங்க குனிஞ்சு பொறுக்கறதுக்குள்ளே படி இறங்கிட்டேன்.

மல்லாட்டை விஷயத்தை மட்டும் இதில் எழுதியிருக்கேன். அது எப்படியும் கடல் தாண்டிப் போயிடுச்சு, இனிமே மூடி வெச்சு என்ன ஆகப்போகுது. பவி கையில் இருந்ததை எழுதலை.

அவ இப்ப விழுப்புரத்தில் நர்சிங் படிக்கிறா. அங்கே சேர்றப்போ, ஏன் இதுக்கு வந்தேன்னு அவளை யாரும் கேட்கலை. சேர்ந்த அன்னைக்கு சாயங்காலம் அவளை உட்கார வெச்சுச் சொன்னேன். பைக்கில் அவளைப் பெத்தவ என் மேலே சாய்ஞ்சுக்கினு வந்தா இல்லையா, அப்போ என் காதில் ஒண்ணு சொன்னா. அதை டீச்சரம்மாகிட்ட நான் சொல்லலை. கையில் என்னன்னுதான் அவங்க கேட்டாங்க, அதனால் அது தப்பிச்சுது. பவிகிட்ட அதைச் சொன்னேன். ரெண்டே வார்த்தை.

"நெஜமா அத்தே?"

"நெஜம்."

எங்க வீட்டு ஃபேனும் சத்தம் போடறதுதான். ஓடிக்கினேதான் இருந்தது. அவளுக்கு நல்லாவே கேட்டுச்சு.